அளவு மீறியவர்

"ஒரு வரியைக்கூட அழிக்க மாட்டேன் பாஸ். வேணும்னா என்னை வேலைய விட்டு அனுப்பிடுங்க!"

சந்திரமதி கீபோர்டைத் தள்ளிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். முதலாளி அம்பிகைபாகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், அவருக்கு யாரிடமும் சத்தம் போட்டுப் பழக்கமில்லை. சத்தம் போடவென்றே எதிரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். உலு திராமில் இருக்கும் பிளாஸ்டிக் தொழிற்சாலையின் மேனேஜர் யுகேந்திரன்.

ஸ்கூடாயில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய அந்த ஆபீஸுக்கு, வெப்சைட்டுகளுக்கு இடம் வாடகைக்கு விடுவதுதான் தொழில். ஒரே சர்வரில் பல பேர் குடியிருப்பார்கள். ஒவ்வொருவரின் டேட்டாபேசுக்கும் ஓர் அளவு உண்டு. ஒருத்தர் அளவை மீறிக் குவித்தால், அத்தனை பேருடைய வெப்சைட்டும் நத்தையாக ஊரும். காலையிலிருந்து அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"எங்க வெப்சைட் திறக்கவே மாட்டேங்குது. ஏன்? அந்தத் தாமான்காரங்க புகை வருது, நாத்தம் வருதுன்னு தினம் இதே சர்வர்ல அவங்க வெப்சைட்டுக்குப் படம் படமா ஏத்துறாங்க. எல்லாம் குப்பைலா! அழிச்சுத் தள்ளுங்க," என்றார் யுகேந்திரன்.

சந்திரமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைக் குப்பை என்கிறார் இந்த மனுஷர்? தொழிற்சாலைக்குப் பின்னால் வரிசை வரிசையாக வீடுகள் இருக்கும் அதே தாமானில்தான் அவளும் குடியிருக்கிறாள். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிட்டு, மகளின் இன்ஹேலரைத் தேடி ஓடுகிறவள். நாளைக் காலை சுற்றுச்சூழல் இலாகாவின் விசாரணை. தாமான் மக்கள் அந்தப் படங்களைத்தான் நம்பியிருந்தார்கள்.

"உங்க கம்பெனிக்கு எத்தனை தடவை எழுதியிருப்போம் சார்! ஒரு பதில் உண்டா?"

"எங்களுக்கா? ஒரு புகார்கூட வரல. நாளைக்கு ஆபீசர்கிட்டயும் இதைத்தான் சொல்லப் போறேன்."

"மதி, கொஞ்சம் பொறும்மா," அம்பிகைபாகன் குறுக்கே வந்தார். "சார் நமக்குப் பெரிய கஸ்டமர்."

"இருக்கட்டுமே பாஸ்! அடுத்தவங்க எழுதினதை அழிக்க நாம யாரு? அளவு மீறினா பூட்டி வைக்கலாம், அழிக்கக் கூடாது. நீங்க போட்ட ரூல்தானே?"

யுகேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பூட்டினா என்ன ஆகும்?"

"வெப்சைட் திறக்காது. சொந்தக்காரங்களே நினைச்சாலும் உள்ள போய் எதையும் தொட முடியாது."

"அலமாக், அது போதுமே! விசாரணை முடியிற வரைக்கும் பூட்டி வைங்க. இப்பவே!"

"அளவு மீறினது யாரா இருந்தாலும் பூட்டணும். அப்படித்தானே சார்?"

"யாரா இருந்தாலும்! தயவு தாட்சண்யமே வேணாம்."

"பாஸ், கேட்டுக்கிட்டீங்கதானே?"

அம்பிகைபாகன் தலையாட்டினார். பெரிய கஸ்டமர் சிரிப்பதைப் பார்த்தபிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

சந்திரமதி கீபோர்டை இழுத்தாள். மளமளவென்று தட்டி முடித்தாள்.

"பூட்டியாச்சு சார்."

"இந்த வீறாப்பை மொதல்லயே விட்டிருந்தா எல்லாருக்கும் நேரம் மிச்சம்லா!" யுகேந்திரன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். சந்தோஷத்தைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? கைபேசியை எடுத்து, தாமான் மக்களின் வெப்சைட்டைத் தட்டினார்.

சட்டென்று திறந்தது. அவருடைய தொழிற்சாலையின் புகை, படம் படமாக வந்து விழுந்தது.

"என்னா இது? இன்னும் திறக்குதே!"

"திறக்கத்தான் செய்யும். தாமான்காரங்க அவங்க இடத்துல பாதியைக்கூட நிரப்பலையே சார்," என்றாள் சந்திரமதி. "அளவு மீறினது உங்க கம்பெனி வெப்சைட்டு. அதுல நீங்க யாரும் திறந்தே பார்க்காத புகார்ப் பெட்டி, நாங்க எழுதி எழுதியே நிரம்பி வழியுது. நாளைக்கு இலாகா வந்து பார்க்கிற வரைக்கும் இனி நீங்களே நினைச்சாலும் அதுல ஒரு வரியை அழிக்க முடியாது."