மாமா பார்த்த வளையம்

சனி கிரகத்தை முதலில் யார் பார்ப்பது என்பதில் டெனிஷுக்குச் சந்தேகமே இல்லை. மாமாதான்.

ஏசுஅடிமை மாமா இந்த வீட்டுப் படியேறுவது இதுதான் முதல் தடவை. கடற்கரையில் மீன் ஏலம் எடுக்கிறவர். ஆர்.சி. கத்தோலிக்கரான அவருடைய மகள் பெபிஷா, சி.எஸ்.ஐ. சபைக்காரனான டெனிஷைக் கட்டிக்கொண்டு குழித்துறைக்கு வந்ததிலிருந்து அவர் மருமகனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேரனின் பிறந்தநாள் என்று செசிலி மாமி மல்லுக்கட்டி இழுத்து வந்திருந்தார்.

வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், பேரனிடம் மட்டும் பேசினார். டெனிஷ் தண்ணீர் கொடுத்தபோது ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

டெனிஷ் கத்தாரிலிருந்து லீவுக்கு வரும்போது ஆசைப்பட்டு வாங்கி வந்த டெலஸ்கோப் மொட்டை மாடியில் நின்றது. ரிமோட்டில் எந்தக் கிரகம் என்று சொன்னால் போதும், ஸ்டாண்டில் இருக்கும் கம்ப்யூட்டரே குழாயைத் திருப்பிக் கொண்டுபோய் அங்கே நிறுத்தும். பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் ஊருக்கு வந்த நாள் முதல், நிலாவைக் கேட்டால் அது தென்னை மண்டையைக் காட்டியது. சனியைக் கேட்டால் செல்போன் டவரைக் காட்டியது.

ஸ்டாண்டின் கால்களைச் சமமாக்கிப் பார்த்தான். பேட்டரியை எடுத்துவிட்டு அடாப்டர் போட்டுப் பார்த்தான். விற்ற கடைக்காரனை வாய்க்கு வந்தபடி திட்டினான். கடைசியில்தான் பிடிபட்டது, ஊரை மாற்றவே இல்லை. அது இன்னும் தோஹாவில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. மாற்றினதும், சொன்ன இடத்துக்குச் சமர்த்தாகப் போய் நின்றது. அந்தத் தைரியத்தில்தான் பிறந்தநாளுக்கு வந்தவர்களையெல்லாம் மாடிக்குக் கூப்பிட்டிருந்தான்.

எல்லோரும் ஏறி வந்து சேர்ந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஞாபகமில்லை. டெனிஷ் அவசர அவசரமாக ஊரையும் தேதியையும் நேரத்தையும் தட்டினான். தெரிந்த நட்சத்திரம் ஒன்றைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது வழக்கம். ஆட்கள் காத்து நிற்கிறார்கள், அதற்குப் பொறுமையில்லை. சனியைக் கேட்டான். குழாய் முனகிக்கொண்டே திரும்பி நின்றது. வெறும் கண்ணால் சனி எது என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. மெஷின் நின்றால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"மாமா, நீங்க பாருங்க" என்றான்.

ஏசுஅடிமை குனிந்து கண்ணை வைத்தார். நெடுநேரம் பார்த்தார். மற்றக் கண்ணையும் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"கொள்ளாம். வளையம் நல்லா தெரியுது" என்றார்.

மருமகனிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அவர் கீழே இறங்க, மாமியும் பின்னாலேயே போனார்.

அடுத்து, பக்கத்து வீட்டு ஞானதாசன் கண்ணை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

"தம்பி, ஒண்ணும் காணல்லியே."

அவர் மனைவி குளோரியும் பார்த்துவிட்டு அதையேதான் சொன்னார். டெனிஷ் ஓடிப்போய்ப் பார்த்தான். கன்னங்கறுப்பு. ஒரு புள்ளி வெளிச்சம்கூட இல்லை.

மறுபடி ஸ்டாண்டின் கால்களைச் சமமாக்கினான். ஊரைப் பார்த்தான், சரியாக இருந்தது. நேரமும் சரி. அப்புறம்தான் தேதியில் கண் போனது. அந்த மெஷினுக்கு மாதத்தை முதலில் சொல்ல வேண்டும். கரண்டு வந்த அவசரத்தில், நம் வழக்கப்படி நாளை முதலில் அடித்திருக்கிறான். மே நாலாம் தேதியில் நின்றுகொண்டு அது ஏப்ரல் ஐந்தாம் தேதி வானத்தில் சனியைத் தேடியிருக்கிறது.

திருத்தினதும் குழாய் வேறு திசைக்கு நகர்ந்தது. இந்தத் தடவை அவனே முதலில் பார்த்தான். குட்டியாக, மஞ்சளாக, சுற்றிலும் வளையத்தோடு சனி நின்றது.

ஒவ்வொருவராகப் பார்த்து வியந்தபோது ஞானதாசன் மெல்லக் கேட்டார்.

"அப்ப, உனக்க மாமனாரு எதுக்க வளையத்தப் பாத்தாரு?"

மாடியே சிரித்தது. தெரியவில்லை என்று வாய் திறந்து சொன்னால் கௌரவம் குறைந்துவிடுமோ என்றார் ஒருவர். அவருக்குப் பெரிய மனுஷத்தனம்தான் பெரிது என்றார் குளோரி. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது டெனிஷ்தான். இந்த வீம்புதானே இத்தனை வருஷம் இவரை வாசலுக்கு வரவிடாமல் தடுத்தது. இன்றைக்கு ஊர் முன்னால் அதன் சாயம் வெளுத்துப்போயிற்று. மனசுக்குள் எங்கேயோ ஒரு கணக்குத் தீர்ந்த மாதிரி இருந்தது.

சிரிப்பு அடங்கும் நேரத்தில் பெபிஷா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தாள். நேராக அவனிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்ச பாருங்க, அத முதல்ல சரி பண்ணுங்க. படியிலே வச்சே அப்பா எங்கிட்ட சொல்லிட்டாரு. இவன் தாத்தாவ விடாம ஒரே அழுக, அதான் வர நேரமாயிட்டு."

"என்ன சொன்னாரு?"

"'அதுல ஒண்ணுமே தெரியல்ல மக்கா. இத்தன ஆளுகளுக்கு முன்ன வச்சு நான் அதச் சொன்னா அவனுக்குக் கொறச்சிலு. நீ போயி அவன் காதுல மட்டும் சொல்லு'ன்னாரு."