கண்ணாடியில் லோவல்

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் நண்பர் கூட்டம் டெக்சாஸ் ஆற்றங்கரை முகாமில் கூடும். படுக்கை, அடுப்போடு கூடிய வீட்டுவண்டிகளைப் பின்பக்கமாகத்தான் இடத்தில் நிறுத்த வேண்டும். ஒருவர் பின்னால் நின்று கையாட்டுவார்; ஓட்டுபவர் பக்கவாட்டுக் கண்ணாடியில் அவரை மட்டுமே பார்ப்பார். கைகளைத் தலைக்கு மேல் குறுக்காக வைத்தால் பிரேக். எங்கள் எல்லோருக்கும் லோவல்தான் கையாட்டுவார். அக்டோபரில் அவர் இறந்துபோனார்.

இந்த வருஷம் அவர் மனைவி மார்லிஸ் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் நாற்காலியை விட்டு எழுவதற்குள், நூல் பிடித்தாற்போல் நேராகப் பின்னால் போனாள்.

“பின்னால எடுக்கையில தபால்பெட்டிய இடிச்சவளாச்சே, இவளா!” என்று என் கணவர் சிரித்தார்.

நிறுத்த வேண்டிய சிமெண்டு மேடையைத் தாண்டியும் வண்டி நிற்கவில்லை. அதற்கப்புறம் ஆறுதான். நான் ஓடிப்போய் ஜன்னலுக்குள் கைவிட்டுச் சாவியை உருவினேன்.

“என்னடி பண்றே? அவரு இன்னும் நிறுத்தச் சொல்லலையே,” என்றாள்.

பின்னால் போய்ப் பார்த்தேன். யாரும் இல்லை. கண்ணாடியை மடக்கிவிட்டேன். சாவியை நானே வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க மார்லிஸ் நன்றாகத்தான் இருந்தாள். வான்கோழி தின்றாள், சீட்டாட்டத்தில் எங்களைத் தோற்கடித்தாள். கிளம்பும் நாள் காலையில் கண்ணாடியை விரித்துத் துடைத்தாள். துடைத்த கை நின்றது.

“பாவம்டி, எத்தனை நாளா ஆட்டிக்கிட்டே இருக்காரு. கை வலிக்காதா? சாவியக் குடு.”