ஏழாம் நம்பர் டியூப்

“கவரைப் பிரிக்கக் கூடாதும்மா. பிரிச்சா உன் எட்டு மாச உழைப்பும் குப்பைக்குத்தான்!”

லேப் டெக்னீஷியன் அலமாரிச் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆராய்ச்சி மாணவியோ விடுவதாக இல்லை.

கையில் சிக்கியவர்களையெல்லாம் உட்காரவைத்து எடுத்த ரத்தம், பன்னிரண்டு பேருடையது. அதிலிருந்து பிரித்த பிளாஸ்மாவில் ஒரு பாதியின் மேல் மட்டும் மெல்லிய லேசர் ஒளியைப் பாய்ச்சி, புரதங்கள் மாறுகின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. எந்த டியூப் யாருடையது என்ற விவரம் அலமாரியில் பூட்டிய கவருக்குள் இருக்கிறது; முடிவு எழுதும்வரை அது அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“புரதத்தைப் பிரிச்சுக் காட்டுற இந்தப் படத்துல கறுப்புப் பட்டையைப் பாருங்கண்ணே. ஏழாம் நம்பர்ல மட்டும்தான் இருக்கு.”

“லேசர் பட்டதால வந்திருக்கும். நல்ல ரிசல்ட்தானே?”

“லேசர் படாத பாதியிலயும் இருக்கே! இது ஒளி செஞ்ச வேலை இல்ல. இந்த ஆளோட எலும்பு மஜ்ஜையிலயே ஏதோ கோளாறு.”

டெக்னீஷியன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னும் மூணு மாசம்தானேம்மா? முடிச்சிட்டுச் சொல்லலாமே.”

“மூணு மாசம் நமக்கு ஓடிடும். அந்த ஆளுக்கு? இப்பவே பார்த்தா வைத்தியம் இருக்குண்ணே. விட்டா கைமீறிடும்.”

நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து கடுத்துப்போன இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எட்டு மாத நோட்டுகளை ஒரு முறை புரட்டிப் பார்த்தாள். ஆனாலும் கையை நீட்டினாள்.

“பிழைக்கத் தெரியாத பொண்ணும்மா நீ!” என்று முணுமுணுத்தபடி சாவியைப் போட்டு அலமாரியைத் திறந்தார்.

கவரில் பெயர்கள் இல்லை. விதிப்படி, டியூப் நம்பருக்கு நேரே போன் நம்பர் மட்டும்தான். ஏழாம் டியூபுக்கு நேரே இருந்த போன் நம்பரை அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க, அவள் செல்போனில் அழுத்தினாள். எதிரில் பேசப்போகிறவர் பயந்துவிடாமல் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆறாவது இலக்கத்தில் அவள் விரல் நின்றுவிட்டது.

“என்னம்மா, மீதியைச் சொல்லவா?”

“வேண்டாம்ணே. மீதி எனக்கே தெரியும்” என்றாள் அவள். “அன்னைக்கு ஒரு ஆள் குறையுதுன்னு கடைசியா என் கையிலயும் ஊசி குத்தினீங்களே... நாம ரெண்டு பேருமே மறந்துட்டோம்.”