ரெகுலேட்டர் இல்லாத ஃபேன்

கல்யாணமான நாள்முதல் பூங்கொடிக்கும் சென்னிமலைக்கும் ஃபேனில்தான் சண்டை. அவர் ஐந்தில் வைப்பார். அவள் போர்வையோடு எழுந்துவந்து ஒன்றுக்குக் குறைப்பாள்.

இப்போது வாங்கிய புது ஃபேனுக்கு ரெகுலேட்டரே கிடையாது. மின்சாரம், வியர்வையை அறியும் மோப்பம், மூளை மூன்றையும் ஒரே சிப் வில்லையாக்கி நடுவில் வைத்து மூடிவிட்டார்கள். கீழே யாருக்குப் புழுக்கம் அதிகமோ அவருக்காகச் சுற்றும்.

"அது உங்க கட்சிங்க" என்று பூங்கொடி பொருமிக்கொண்டே இருந்தாள்.

ஐப்பசி அடைமழை. சென்னிமலை வெளியே போயிருந்தார். தனியாகப் படுத்திருந்தவளின் தலைக்குமேல் ஃபேன் திடீரென்று விர்ரென வேகமெடுத்தது.

"பாழாப்போனது, கெட்டுப்போச்சு!"

எழுந்து கழுத்தைத் தொட்டாள். வியர்வையில் கை நனைந்தது. மாதவிலக்கு நின்று நாளாகிவிட்டது. அக்காளுக்கும் ஐம்பது வயதில் இப்படித்தான் நினைத்த நேரத்தில் உடம்பு கொதித்தது. ஃபேன் கெடவில்லை.

அந்நேரம் தொப்பலாக நனைந்து வந்த சென்னிமலை, ஃபேனைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தலையைத் துவட்டி, சட்டையை மாற்றிக்கொண்டு, அவள் உதறிப்போட்டிருந்த போர்வையைப் போர்த்தியபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏனுங்க, குளிருதுங்களா?"

"எனக்கா? நான் எப்பவும் அஞ்சுல வெக்கிற ஆளாச்சே கண்ணு" என்றார், பற்கள் தந்தியடிக்க.