பதினோராவது சீட்டு

பதினோராவது சீட்டைப் பிரித்ததும் உபதேசியார் லூக்காஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சின்ன ஆலயம். பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை. அந்திக் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு, கைகால் கழுவிய ஈரம் காயாமல் நாற்பது பேர் வந்து பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வாரத்தில் ஆலய வாசலில் ஒரு பெட்டி வைப்பார்கள். மனதில் இருப்பதைப் பெயர் போடாமல் எழுதிப் போடலாம். ஆராதனை நடத்துகிறவர் வாசிப்பார், சபை ஜெபிக்கும். யார் எழுதியது என்று கேட்கக்கூடாது.

கேட்கவும் தேவையில்லை. சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டிய லயத்தில் ஒரு காம்பராவில் தும்மினால் பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். இவர்களிடம் பெயரை மறைத்து என்ன பிரயோசனம்?

மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும், மாமனார் குடியை விட வேண்டும், மகன் ஓ.எல். பரீட்சைக் கணிதத்தில் பாஸாக வேண்டும் என்று பத்துச் சீட்டுகள் ஓடிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் லூக்காஸின் குரல் கணீரென்று எழுந்தது. நாளுக்கொரு தோட்டம், ஐந்து நாளைக்கு ஐந்து தோட்டம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே குரல்தான். பஸ்ஸில் ஏறினாலும் போன் விடாது. ஐயா, ஆராதனை எத்தனை மணிக்கு? ஐயா, பெரிய வெள்ளிக்கு யார் பிரசங்கம்?

பதினோராவதை மட்டும் மெதுவாக வாசித்தார்.

‘எல்லார்கூடவும்தான் இருக்கேன். ஆனா எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருக்கு. ராத்திரியானா பயமா இருக்கு. எனக்காகவும் யாராவது ஜெபம் பண்ணுங்க.’

வாசித்துவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சபையும் அவரோடு சேர்ந்து தேடியது.

நாற்பது தலைகளும் ஒருசேரப் பின்னால் திரும்பின.

கடைசிப் பாயில் பவுலினா இருந்தார். வேலையிலிருந்து நின்று நாலு வருடம். பிள்ளைகள் இரண்டும் கொழும்பில். லயத்தின் கோடிக் காம்பராவில் தனிக்கட்டை.

ஜெபம் முடிந்ததுதான் தாமதம், பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்தவள் விடவேயில்லை. இன்னொருத்தி, இனிமேல் ராச்சாப்பாடு எங்கள் வீட்டில்தான் என்று சண்டை பிடிக்காத குறையாகச் சொன்னாள். பக்கத்துக் காம்பரா ரொஷானி, இன்றைக்கே மகளைத் துணைக்குப் படுக்க அனுப்புகிறேன் என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். இத்தனை அன்பையும் இவ்வளவு காலம் எங்கே வைத்திருந்தார்களோ!

லூக்காஸ் மேசை விரிப்பை மடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

கூட்டம் கலைந்ததும் பவுலினா அவரிடம் வந்தார். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஐயா, அத நான் எழுதலங்க. ஆனா அவுங்ககிட்ட சொல்லிப்புடாதீங்க, இன்னிக்குத்தான் எல்லாரும் வந்து பேசுறாங்க. எழுதுனது யாருன்னு தேடிப்போயிப் பாருங்க, பாவம்.”

“பாக்குறேம்மா” என்றார் லூக்காஸ்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு இறங்கினார். திங்கட்கிழமை கொஸ்லந்தையில், இதே வரிகளைக் கேட்டுவிட்டு, புருஷனை இழந்த ஒரு டீச்சரைக் கண்டுபிடித்துக் கட்டியணைத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை வேறொரு தோட்டத்தில், பிள்ளையில்லாத ஒரு கங்காணியை. மூன்று இடத்திலும் ஒருவர்கூட, வாசித்தவர் பக்கம் திரும்பவில்லை.

நாளைக்கு மடுல்சீமை.

பஸ் கிளம்பியதும் முழங்காலில் தாளை வைத்து, நாலாவது தடவையாக அதே வரிகளை எழுதினார். இந்தத் தடவை, அடியில் லூக்காஸ் என்றும் எழுதினார்.

இரண்டு வளைவு தாண்டும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த ஓரத்தை மட்டும் கவனமாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.