சம்பந்தியின் திமிர்

"அந்தத் திமிர் புடிச்ச ஆளு வூட்டுக்கு என் பொண்ணு போக மாட்டா. அத நேருலயே சொல்லிட்டு வர்றேன்!"

வல்லத்திலிருந்து திண்டிவனம் வரும்வரை பஸ்ஸில் இதே பாட்டுதான். மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிடும் விவசாயி பெரியதம்பிக்கு அவ்வளவு கோபம்.

மாப்பிள்ளை ரஞ்சித்துக்கு ஜாதகம், வேலை எல்லாம் பொருத்தம். ஆனால் போன வாரம் கூட்டேரிப்பட்டில், போட்டோவில் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அப்பா மணிமாறன் முன்னால் போய்க்கொண்டிருந்தார். பெரியதம்பி தொண்டை கிழிய மூன்று முறை கூப்பிட்டும் மனுஷன் திரும்பவே இல்லை.

"நம்ம பொண்ணு சங்கவி ஆசைப்படுறா. ரெண்டு வார்த்தை பேசிட்டு அப்பால வேணாம்னு சொல்லுங்களேன்," என்றாள் மனைவி பாஞ்சாலி.

திண்டிவனம் வீட்டில் மணிமாறன் வாசலுக்கே வந்து கும்பிட்டு அழைத்துப் போனார். சுவரில் ஒரு படம். போர்க்கப்பலின் மேல்தளம், அதற்கு மேலே அந்தரத்தில் ஒரு ஜெட் விமானம், எதிரே மஞ்சள் சட்டையில் ஒருவர்.

"கையை விரிச்சிக்கினு நிக்கிறது நீங்களா?" என்று கேட்டார் பெரியதம்பி.

மணிமாறன் அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தார். "நான்தாங்க. நேவில அதான் வேலை. இந்த ஜெட்டு ஓடி வந்து எறங்காது. அந்தரத்துல நின்னு நேரா எறங்கும். பைலட்டுக்குக் கீழ இருக்கறது தெரியாது, என் கையத்தான் பாப்பாரு. விரிச்சா நில்லு, தாழ்த்தினா எறங்கு."

"கப்பல் ஆடாதா?"

"ஆடாம? ஒரு நாள் புயல் காத்து. தளமே சாயுது. மேல ஜெட்டு நிக்குது, எரிபொருள் ஒரு நிமிஷத்துக்குத்தான். சாஞ்ச நேரத்துல எறக்கினா பைலட்டோட கடலுக்குள்ள போயிடும். தளம் நேராகற வரிக்கும் கைய விரிச்சபடி நின்னேன். அப்புறம்தான் தாழ்த்தினேன். எறங்கினதும் பைலட்டு ஓடியாந்து கட்டிப் புடிச்சிக்கினாரு!"

பெரியதம்பிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பேசுகிறவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காத அந்த மரியாதையும் பிடித்துப்போயிற்று. இப்படிப்பட்ட மனுஷனையா வாய்க்கு வந்தபடி திட்டினோம் என்று வெட்கப்பட்டார்.

மணிமாறன் காபி கொண்டுவர உள்ளே நடந்தார். பெரியதம்பிக்கு அதற்குள் பொறுக்கவில்லை.

"சம்பந்தி! தட்டு மாத்த நாள் பாத்துடலாம்!"

மணிமாறன் திரும்பவில்லை.

"சம்பந்தி!" தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பெரியதம்பியின் முகம் சிவந்தது. துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "பாத்தியா பாஞ்சாலி? வா, போலாம்!"

ரஞ்சித் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தான்.

"அப்பாவுக்கு எதிர்ல நின்னு சொல்லுங்க மாமா, உதட்டைப் பாத்துத்தான் அவருக்குப் புரியும். அந்தப் புயல் அன்னிக்கு ஜெட்டோட காத்துல அப்பா காதுமூடி பிச்சிக்கினு போயிடுச்சு. அந்த இரைச்சல்ல காதைப் பொத்தணும்னா விரிச்ச கையை மடக்கணும்... அவரு மடக்கலை."