ஏறாத புருவம்

தெய்வானையின் புருவங்கள் கண்மேல் சரிந்து வெகு காலமாயிற்று. எதைப் பார்க்கவும் அவற்றைத் தூக்க வேண்டும். தூக்கித் தூக்கி நெற்றி வரிவரியாகிவிட்டது. அவள் கணவர் நாச்சிமுத்துவோ, தன் பேச்சைக் கேட்டுத்தான் அவள் வியக்கிறாள் என்று நம்பினார். பஸ் ஓட்டிய காலத்தில் வால்பாறை மலைப்பாதையில் யானை மறித்த கதையைச் சலிக்காமல் சொல்லிவந்தார். சொல்லச் சொல்ல யானையும் வளர்ந்தது.

தலைமுடிக்குள் சின்னத் துளைகள் போட்டு, டாக்டர் புருவங்களை ஏற்றிவிட்டார். தையல் பிரித்து வீட்டுக்கு வந்ததும் நாச்சிமுத்து யானையை எடுத்தார். அவள் நெற்றி அசையவே இல்லை. தும்பிக்கையைத் தூக்கும் இடத்தில் அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

“ஏம்மிணி, நம்பலியா?”

இப்போதுதான் அவள் அவரை முழுக் கண்ணால் பார்த்தாள். அவருடைய புருவங்கள் உச்சிக்கு ஏறி நின்றன, அச்சு அசலாக அவள் முன்பு தூக்கிப் பார்த்த புருவங்களைப் போலவே.

“அப்புறம் என்ன பண்ணுச்சுங்க?” என்று கேட்டு, மெனக்கெட்டுப் புருவங்களை உயர்த்தினாள். தழும்பு சுருக்கென்றது.

காற்றில் நின்றிருந்த தும்பிக்கை மெல்ல இறங்கிவந்து பஸ் கண்ணாடியைத் தட்டியது.